மலையேறிய இரு குடிகள்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாக எழுந்து நிற்பது கல்வராயன் மலை. அதற்கு வடக்கே சவ்வாது மலை, மேற்கே சேர்வராயன், தெற்கே பச்சைமலை. கோமுகியும் மணிமுத்தாறும் இதன் மடியில் பிறந்து வெள்ளாற்றை நாடிச் செல்கின்றன. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயற்படத் தொடங்கியது. மலையின் கிழக்குப் பகுதி வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு இம்மாவட்டத்தில் அமைந்துள்ளது. கருமந்துறை உள்ளிட்ட மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம்மைக் காராளர் என்று கூறிக்கொள்வர். கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. பேசும் மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாண் குடியினர் என்பதும், உடன்பிறந்தார் மூவர் சேர்வராயனிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பதும் இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. 1909இல் எட்கார் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய தொகுதிகளில் இக்கதை பதிவாகியுள்ளது. கதையின் ஒவ்வொரு கூறும் நிகழ்ந்ததுதானா என்பதை ஆய்வாளர் முடிவு செய்யட்டும். இம்மக்கள் தம்மைக் குடிபெயர்ந்து வந்தவராகவே நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகள் ஏறத்தாழ 3,58,000 பேர். இம்மாநிலப் பழங்குடிகளுள் இவர்களே எண்ணிக்கையில் முதலிடத்தவர்.

இதே தமிழ்ச் சமவெளியிலிருந்து வேறொரு மலையேற்றமும் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கையின் கண்டி மலைநாட்டில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் திறந்தனர். திருச்சி, சேலம், தென்னார்க்காடு, வடார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து மக்கள் கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் மாண்டோர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பிப் பயிரை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை எழுந்தது. தோட்டம் மாறியதே தவிரத் தொழிலாளர் மாறவில்லை. மலையகத் தமிழர் என்று இன்று நாம் அழைப்போர் அவர்தம் வழித்தோன்றல்களே.

கல்வராயனில் ஏறியவர்களுக்கும் கண்டி மலையில் ஏறியவர்களுக்கும் மொழி ஒன்று. விட்டுவந்த நிலப்பரப்பும் ஏறத்தாழ ஒன்று. ஆகவே குடிபெயர்ந்தோரின் பொருள்நலத்தை எவை ஆக்குகின்றன, எவை கெடுக்கின்றன என்று ஆராய விரும்புவோர்க்கு இதனினும் பொருத்தமான இணை தமிழகத்தில் எளிதில் கிட்டாது. ஆனால் இரு குடிகளை ஒப்பிடுவது, பலரும் எண்ணுவதுபோல, இரு வருவாய் எண்களை அருகருகே எழுதுவதன்று.

உலகில் மிகுதியாகப் பேசப்படும் ஓர் ஒப்பீட்டை முதலில் நோக்குவோம். 1957இல் கானா விடுதலை பெற்ற காலத்தில் அந்நாட்டின் தலைக்குரிய வருவாயும் தென்கொரியாவின் தலைக்குரிய வருவாயும் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருந்தன. பின்னர்க் கொரியா நெடுந்தொலைவு முன்னேறிற்று. இவ்வொப்பீட்டை அமெரிக்காவில் குடியேறிய இருநாட்டார்மீதும் ஏற்றி, கொரியர் உழைப்பாலும் சிக்கனத்தாலும் கடை முதலாளிகளாயினர், கானாவினரின் பண்பாட்டில் அத்தகைய ஊக்கம் இல்லை என்று முடித்துவிடுவோர் உளர். இம்முடிவு அறிவியலாகாது.

இருவரும் நுழைந்த வாயில்கள் வெவ்வேறு. 1965ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கல்வியும் தொழிற்பயிற்சியும் பெற்றவர்க்கும் முன்னரே குடியேறியவரின் உறவினர்க்கும் வழி திறந்தது. அவ்வழியே சென்ற கொரியருள் பலர் பட்டம் பெற்ற நடுத்தர வகுப்பினர். அங்கே தம் பட்டத்துக்கு மதிப்புக் கிட்டாதபோது, ஊரில் வீட்டை விற்றுக் கொண்டுவந்த பணத்தை முதலாக்கிக் கடை வைத்தனர். கானாவினரோ 1980களின் கடும் பொருளியல் நெருக்கடிக்குப் பின்னரே பெருமளவில் வெளியேறினர். 1983இல் நைசீரியா பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கானாவினரை ஒரேயடியாக வெளியேற்றியது அந்நெருக்கடியை மேலும் முற்றச் செய்தது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய குலுக்கல் நுழைவு முறை அவர்களுள் பலர்க்கு வழியாயிற்று. தென்கொரியாவுக்கு அக்குலுக்கலில் இடமில்லை. வந்த காலமும் வந்த வழியும் கையிலிருந்த முதலும் வேறாக இருக்கையில், இன்றைய வருவாய் வேறுபாட்டைப் பண்பாட்டின் கணக்கில் எழுதுவது எவ்வாறு முறையாகும்? யார் புறப்படுகிறார் என்பதிலேயே ஒரு தேர்வு நிகழ்ந்துவிடுகிறது. புள்ளியியலார் இதனைத் தேர்வுச் சார்பு என்பர்.

பண்பாட்டு விளக்கத்தை மறுக்க இன்னொரு சான்றும் உண்டு. கொரியர் தம்முள் பணம் திரட்டிச் சுழற்றிக்கொள்ளும் முறைக்குக் 'கே' என்று பெயர். கானாவில் அதே முறைக்குச் 'சூசூ' என்று பெயர். நம் ஊரில் அதுவே சீட்டு. மூன்றும் ஒரே நுட்பத்தில் இயங்குவன. கூட்டாகச் சேமிக்கும் அறிவு மூவரிடமும் இருந்தது. சீட்டில் போடுவதற்குக் கையில் எவ்வளவு இருந்தது என்பதே வேறுபட்டது.

கானாவின் உள்ளேயே நிகழ்ந்த ஒரு குடிபெயர்வு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தென் கானாவின் கொக்கோ உழவரைப் பற்றிப் பாலி ஹில் என்னும் ஆங்கிலப் பெண் அறிஞர் 1963இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசின் திட்டத்தாலோ அயலார் முதலீட்டாலோ கொக்கோ வளரவில்லை; தம் சொந்தப் பணத்தைக் கூட்டாகத் திரட்டி, காட்டு நிலத்தை விலைக்கு வாங்கி, அங்குக் குடிபெயர்ந்த உழவர்களே அதனை வளர்த்தனர் என்று அவர் நிறுவினார். 1911இல் அந்நாடு கொக்கோ ஏற்றுமதியில் உலகில் முதலிடம் பெற்றது. பின்னாளில் அதே அறிஞர் கருநாடகச் சிற்றூர்களையும் வட நைசீரியச் சிற்றூர்களையும் ஒப்பிட்டு 1982இல் இன்னொரு நூல் எழுதினார் என்பதையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். ஊர் ஊராகச் சென்று, வயல் வயலாக அளந்து, அதன் பின்னரே ஒப்பிட்ட நேர்மை அவருடையது.

இனி நம் இரு மலைகளுக்கு வருவோம்.

கல்வராயன் மலையாளிக்கு நிலம் உண்டு. சாமை, கேழ்வரகு, தினை ஆகியவற்றைத் தன் உணவுக்காகவும், மரவள்ளியை விற்பனைக்காகவும் பயிரிட்டு வந்தான். குச்சிக்கிழங்கு என்று இப்பகுதியார் சொல்லும் அம்மரவள்ளி, சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி வட்டாரச் சேகோ ஆலைகளுக்குச் செல்கிறது. காட்டிலிருந்து கடுக்காய், புளி, தேன் ஆகியன கிட்டின. தோல் பதனிடும் தொழிலுக்குக் கடுக்காயின் துவர்ப்பு இன்றியமையாதது. ஆதலால் மலையில் பொறுக்கப்பட்டது நெடுந்தொலைவுச் சந்தைக்குப் போயிற்று. கண்டி மலையின் தொழிலாளிக்கோ ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. அவன் உறங்கிய லயம் என்னும் வரிசைவீட்டு அறையும் தோட்டத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும்.

இந்த அளவில் கல்வராயன் குடியே மேம்பட்டதாகத் தோன்றும். ஆனால் நிலம் இருப்பது வேறு, அந்நிலத்தின் மீது உரிமை இருப்பது வேறு. கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 1948இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழிக்கும் சட்டத்தை இயற்றிய பின்னும் இம்மலையில் அந்த ஆளுகை நீடித்தது. 1976இல்தான் தமிழ்நாட்டரசு ஜாகிர்களைக் கையகப்படுத்தியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவணரசுச் சட்டம் வந்ததும் அதே 1976இல்தான். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே இம்மலைக்கு அரசு என ஒன்று நேரில் வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை, பட்டா, கூட்டுறவுச் சங்கம் ஆகிய அனைத்தும் சமவெளியினும் ஒரு தலைமுறை பிந்தின. 2011இல் தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80.1 விழுக்காடாக இருக்க, மாநிலப் பழங்குடியினரிடையே அது 54.3 விழுக்காடே என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

காட்டுரிமையிலும் இதே காலத்தாழ்வு. வனவுரிமைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. சிறு வனப்பொருள்கள் மீது காட்டுவாழ் மக்களுக்கு உடைமையுரிமை உண்டு என்று அச்சட்டம் கூறுகிறது. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டின் நீதிமன்ற இடைக்கால ஆணை ஒன்றால் உரிமைப் பட்டயம் வழங்குவது தடைப்பட்டு, 2016இல்தான் அத்தடை நீங்கியது. எட்டாண்டுகள் என்பது ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து எட்டாம் வகுப்பை முடிக்கும் காலம்.

மலையகத் தமிழர்க்கு நேர்ந்தது இதற்கு எதிர்த்திசை. இவர்களுக்கு உரிமை முன்னரே கிட்டிப் பின்னர்ப் பறிபோயிற்று. 1931இல் இலங்கையில் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தபோது தோட்டத் தொழிலாளருள் பலரும் அதனைப் பெற்றனர்; 1947 தேர்தலில் தம் பேராளர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுத் தலைமையமைச்சர்களான சிறிமாவும் சாத்திரியும் கையெழுத்திட்ட உடன்பாடு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டது. எவரையும் கேட்டுச் செய்த பங்கீடன்று அது. எஞ்சியோர்க்கு முழுக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று. வாக்கில்லாத மக்களுக்கு வீடு கட்டித் தரவும் பள்ளி திறக்கவும் எந்த ஆட்சிக்கும் நெருக்குதல் எழாது. பொருள்நலத்தை ஆராய்வோர் ஊதியப் பட்டியலை மட்டும் புரட்டினால் இதனைக் காண இயலாது.

ஊதியப் பட்டியலையும் எச்சரிக்கையோடுதான் புரட்ட வேண்டும். இலங்கைத் தோட்டப்பகுதியில் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்வோர் 2006–07இல் 32 விழுக்காடு. 2016இல் அது 8.8 விழுக்காடாகக் குறைந்ததென்று அந்நாட்டுப் புள்ளியியல் துறை வெளியிட்டது. பெருவெற்றி என்று தோன்றும். பின்னர் வறுமைக் கோடு இக்காலத் தேவைக்கேற்ப மாற்றி வரையப்பட்டது. அப்புதிய கோட்டை வைத்து 2019இல் அளந்தபோது தோட்டப்பகுதியின் வறுமை 33.8 விழுக்காடாக வந்தது. நாடு முழுமைக்கும் அது 14.3 விழுக்காடு. மூன்றாண்டில் மக்கள் நான்கு மடங்கு ஏழையாகிவிடவில்லை. பழைய கோட்டுக்குச் சற்றே மேலே பெருங்கூட்டம் நெருக்கியடித்து நின்றிருந்தது. கோட்டை உயர்த்தியவுடன் அனைவரும் அதன் கீழே வந்துவிட்டனர். குழந்தைகளின் உடல் இதனை முன்னரே சொல்லிவிட்டது. 2016ஆம் ஆண்டின் நலவாழ்வு ஆய்வில், அகவைக்கேற்ற உயரம் எய்தாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் 17.3 விழுக்காடாக இருக்க, தோட்டப்பகுதியில் 31.7 விழுக்காடு. என்னைக் கேட்டால், இரு குடிகளின் நலத்தை ஒப்பிட ஒரே ஓர் அளவைத்தான் எடுக்கலாம் என்ற நிலை வந்தால், வருவாயை விடுத்துக் குழந்தையின் உயரத்தையே எடுக்கச் சொல்வேன். வருவாயைக் கூட்டியும் குறைத்தும் சொல்லலாம். வளராத எலும்பை மறைக்க இயலாது.

ஆயினும் இவ்விரு குடிகளின் வரலாற்றிலும் எனக்கு மிகவும் ஆழமாகத் தோன்றும் வேறுபாடு பயணத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது. வழிச்செலவை யார் கொடுத்தார்?

காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் காராளர், அக்கதையில் எவர்க்கும் கடன்பட்டு மலையேறியதாகச் சொல்லப்படவில்லை. கண்டிக்குச் சென்றவர்கள், ஆள்திரட்டி மேற்பார்க்கும் கங்காணியின் முன்பணத்தில் சென்றனர். படகுக் கூலி, வழியுணவு, ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்குக் கொடுத்த தொகை ஆகிய அனைத்தும் கங்காணியின் ஏட்டில் கடனாக ஏறின. தோட்டத்தில் காலடி வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. தம் கீழ் உள்ளவர் வேலைக்கு வந்த நாள்களின் கணக்குப்படி கங்காணிக்குத் தலைக்காசு கிட்டியது. ஆகவே அவர்களைத் தன்பிடியிலிருந்து விடுவிப்பதில் அவருக்கு ஆதாயமில்லை. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமெனில் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனை அடைக்கும். தொழிலாளி புதிய தோட்டத்துக்குக் கடனாளியாவான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறும்போதெல்லாம் கடன் பெருகியது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் மூன்று தலைமுறைகள் கடந்திருந்தன. சேமிப்பு இல்லை, ஆதலால் நிலம் இல்லை, ஆதலால் பேரம் பேசும் வலிமையும் இல்லை. தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி இலங்கைப் பணத்தில் 1,000 ரூபாயை எட்டியது 2021இல்தான். அதற்குப் பல்லாண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது.

வீட்டை விற்ற பணத்தோடு சென்ற கொரியரும், கூட்டு முதலில் காடு வாங்கிய கானா உழவரும், கங்காணியின் ஏட்டில் பெயர் எழுதிச் சென்ற தமிழரும் ஊக்கத்தால் வேறுபட்டவரல்லர். முதல் இருவர் உழைத்த உழைப்பு அவர்தம் முதலோடு சேர்ந்தது. மூன்றாமவர் உழைப்பு கடனில் கழிந்தது.

இதில் என் நெஞ்சை மிகவும் உறுத்துவது, கடனின்றி மலையேறியவராகக் கருதத்தக்க காராளரின் பேரப்பிள்ளைகள் இன்று முன்பணம் வாங்கிக்கொண்டு மலையிறங்குவது. கல்வராயனிலிருந்து குடும்பம் குடும்பமாகக் குடகு, சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் செல்கின்றனர். காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் மிளகு பறிக்கும் பருவமும் பெரும்பாலும் மார்கழிக்கும் பங்குனிக்கும் இடைப்பட்டவை. பள்ளியில் ஆண்டின் இறுதிப் பாடங்கள் நடந்து தேர்வு நெருங்கும் மாதங்களும் அவையே. பெற்றோரோடு சென்ற பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு அதனை விட்டு முன்னே போயிருக்கும். வேறு சிலரை முகவர்கள் ஆந்திரத்துச் சேசாசலக் காடுகளுக்கு அழைத்துச் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லப்பட்ட தமிழர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் சவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிகள். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டை ஏரியில் பிணமாக மிதந்த ஐவர், கல்வராயன் மலையின் சேலம் பக்கத்து ஊரினர். மரத்தின் விலையில் பெரும்பங்கு கடத்துவோர்க்கும், இறப்பு முழுதும் மலையாளிக்கும் என்று அமைந்த தொழில் அது.

2024 சூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தபோது, சாராயம் காய்ச்சுவோர் என்று கல்வராயன் மக்களைச் சுட்டிய விரல்கள் பல. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் இம்மலைமக்களின் வாழ்நிலையைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதுவே சரியான அணுகுமுறை. ஒரு குடியின் குணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதன் சாலையையும் பள்ளியையும் பட்டாவையும் பற்றிப் பேச வேண்டும்.

வழிச்செலவைப் பற்றிய வினாவுக்கு நம் சட்டத்திலேயே விடை உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், போகவும் வரவுமான பயணச் செலவை ஒப்பந்தக்காரரே ஏற்க வேண்டும் என்றது. அதற்கு மேல் மாத ஊதியத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும், அதனைத் திரும்பக் கேட்கக் கூடாது என்றும் விதித்தது. அதன் இடத்தில் இயற்றப்பட்ட 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் இடப்பெயர்வுப் படியைக் கைவிட்டது. பயணச் செலவு தரும் கடமையை மட்டும் முதலாளியிடமே வைத்துள்ளது. அப்படியைக் கைவிட்டது தவறு என்பது என் உறுதியான கருத்து. கடனோடு புறப்படும் தொழிலாளியைக் கையில் பணத்தோடு புறப்பட வைக்க எழுதப்பட்ட விதி அது.

ஆகவே கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்ட ஆட்சியர்க்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் பறிப்புப் பருவம் தொடங்குமுன் ஒரு பதிவேடு திறக்கப்பட வேண்டும். யார் செல்கிறார், எந்தத் தோட்டத்துக்கு, எந்த முகவர் வழியே, எவ்வளவு முன்பணம் பெற்று, எத்தனை பிள்ளைகளை உடனழைத்து என்பன அதில் எழுதப்பட வேண்டும். பயணச் செலவைத் தோட்ட முதலாளியிடமிருந்து வாங்கித் தரும் பொறுப்பைத் தொழிலாளர் துறை ஏற்க வேண்டும். ஊரில் தங்கும் பிள்ளைகளுக்கு அப்பருவம் முழுவதும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இடம் ஒதுக்க வேண்டும். மலைவாழ் இளைஞர்களுக்கும் ஒரு சொல்: முகவர் நீட்டும் பணத்தைத் தொடுமுன் அது கூலியா, கடனா, பயணச் செலவா என்று கேளுங்கள், விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.